தனியார் சேகரிப்பு

வாழைச்சேனைச் சந்தியில் மூன்று வருடமாக ஒரு பதாகை தொங்கியது. மேலே ‘சாதாரண தர வரலாறு’, நடுவில் கொட்டை எழுத்தில் ‘சி. வினாயகமூர்த்தி’, அதற்குக் கீழே ‘மூலாதார வினாக்களுக்கு முழுப் புள்ளி’. கடைசி வரி, ரியூசன் நிலையத்தை நடத்திய ஸாஹிரின் யோசனை. முதல் நாள் அதைப் பார்த்தபோது வினாயகமூர்த்திக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியதோடு நில்லாமல், பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பி, பதாகை கிழியாமல் நேராக நிற்கிறதா என்று பார்க்கவும் தொடங்கினார்.

சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு அந்த வித்தை கைவந்திருந்தது. வரலாற்றுப் பேப்பரில் பிள்ளைகள் அதிகம் பயப்படும் கேள்வி அந்த மூலாதார வினாதான். ஒரு கடிதத்தின் துண்டையோ, பழைய படமொன்றையோ, கல்வெட்டின் நாலு வரியையோ கொடுத்துவிட்டு, இதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார், இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்பார்கள். மன்னர்களின் பெயரையும் ஆண்டுகளையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கிற பிள்ளைகள்கூட அந்த இடத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டு இருக்கும். வினாயகமூர்த்தி அதற்கு ஐந்து வசனத்தில் ஒரு வழி வைத்திருந்தார். யார், எப்போது, யாருக்கு, ஏன், நம்பலாமா. நேரில் கண்டவர் அன்றைக்கே எழுதியிருந்தால் நம்பலாம். கேள்விப்பட்டவர் காலம் கழித்து எழுதியிருந்தால் பாதி நம்பலாம்.

“பேப்பருக்குள்ளதான் பதில் இரிக்கு. பேப்பருக்கு வெளிய போனீங்கெண்டா மாக்ஸும் வெளிய போயிரும்” என்று சனிக்கிழமை தவறாமல் சொல்லுவார். பிள்ளைகள் சிரிக்கும். ஓட்டமாவடியிலிருந்தும் பனிச்சங்கேணியிலிருந்தும் வந்து, தகரக் கூரைக்குக் கீழே நெருக்கியடித்து இருந்த அறுபத்திரண்டு பிள்ளைகளும் அந்த ஐந்து வசனத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தன.

அவர் மூதூர்ப் பக்கத்துக்காரர். இருபத்தேழு வயதில் ஆசிரியர் நியமனம் கிடைத்து வாவிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வந்தவர், கல்குடாவில் சீதேவியைக் கலியாணம் முடித்து இங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் இல்லை. வெளிவாரியாக எழுதிய பட்டப் பரீட்சையை மூன்றாந் தடவைதான் பாஸ் பண்ணினார். பேராதனையில் படித்துவந்த ஆசிரியர்கள் கூட்டங்களில் பேசும்போது அவர் வாய் திறப்பதில்லை. ஆனால் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வெண்பலகைக்கு முன்னால் நின்றால் அவர் வேறு ஆள். அந்த மூன்று மணித்தியாலத்துக்காகத்தான் மிச்ச ஆறு நாளையும் கழித்தார் என்று சொல்லலாம்.

அந்த வருடம் புரட்டாதியில் முன்னோடிப் பரீட்சை ஒன்று வைப்பதாக ஸாஹிர் எல்லா ஊருக்கும் துண்டுப் பிரசுரம் அடித்துவிட்டார். பேப்பர் வெள்ளிக்கிழமை பின்னேரம் அச்சுக்குப் போக வேண்டும். மூலாதாரக் கேள்விக்கு நம்முடைய பகுதியின் கடிதம் ஏதாவது கிடைத்தால் நல்லது என்று வினாயகமூர்த்தி நினைத்தார். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியைப் பற்றி அன்றைக்கே ஒருவர் எழுதிய கடிதம் என்றால் பிள்ளைகள் விரும்பி வாசிக்கும். புளியந்தீவுக்குப் போய் ஒரு நாள் முழுக்க அலைந்தார். தெரிந்த இரண்டு பேரிடம் கேட்டார். ஒன்றும் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் ஓய்வு பாடவேளையில், அவரே ஒரு கடிதத்தை எழுதினார்.

நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. கல்குடாப் பக்கத்துக் கிராம சேவையாளர் ஒருவர் தன் மேலதிகாரிக்கு எழுதுவது போல. ‘24.11.1978, ஞாயிற்றுக்கிழமை. மதிப்பிற்குரிய ஐயா, நேற்றுப் பின்னேரம் தொடங்கிய காற்று விடியும்வரை ஓயவில்லை. எனது பிரிவில் கூரையோடு நிற்கும் வீடு ஒன்றுமில்லை. தென்னைகள் யாவும் ஒரே திசையில் விழுந்து கிடக்கின்றன. தாயொருத்தி தனது இரண்டு பிள்ளைகளையும் சேலையால் பாடசாலைத் தூணோடு கட்டிவைத்துக் காப்பாற்றியதை என் கண்ணாலே கண்டேன்…’ அந்தச் சேலை எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. எழுதிக்கொண்டு போகும்போது வந்தது. இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். இவ்வளவு நன்றாக எழுதுவேனா என்று தன்மேலேயே ஒரு வியப்பு.

கீழே ஒரு வரி வேண்டும். எங்கிருந்து எடுத்தது என்று போடாவிட்டால் மூலாதாரம் அம்மணமாக நிற்பதுபோல் இருக்கும். அவர் ‘நன்றி: தனியார் சேகரிப்பு’ என்று எழுதினார். பயிற்சிக்குத்தானே, யாருக்கு என்ன நட்டம் என்று அந்த நேரம் நினைத்தார்.

அச்சடித்த பேப்பர்களை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் வீட்டு மேசையில் வைத்து அடுக்கியபோது சீதேவி உதவிக்கு வந்தாள். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பின் அடித்துக்கொண்டிருந்தவள், ஒரு பேப்பரில் கண் விழுந்து, கையை நிறுத்தி வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். பிறகு பின் அடிக்கும் மெசினைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அவளுடைய தம்பி ஒருவன் அந்தச் சூறாவளியில் செத்துப்போனான் என்பது வினாயகமூர்த்திக்குத் தெரியும். அதற்குமேல் அவள் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

“எங்கட ஆக்கள்தான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினது” என்றாள். “இந்தத் தாய் ஆரா இருக்கும்? எங்கட அம்மாவுக்கு மட்டும் இந்தப் புத்தி வரல்லயே. சீலையால கட்டியிருந்தா அவன் இரிந்திருப்பான், என்ன?”

வினாயகமூர்த்தி பேப்பர் கட்டைத் தட்டி நேராக்கினார்.

“எழுதின ஐயா உசிரோட இரிக்காரா?”

“தெரியா” என்றார். அந்த ஒரு சொல்லோடு, பயிற்சிக்காக எழுதியது பொய்யாகிவிட்டது.

சனிக்கிழமை பரீட்சை நடந்தது. திருத்தும்போது மூலாதாரக் கேள்வியில் எல்லாப் பிள்ளைகளும் அவருடைய ஐந்து வசனத்தை அப்படியே எழுதியிருந்தன. நேரில் கண்டவர், அன்றைக்கே எழுதினார், ஆகவே நம்பத்தகுந்தது. அவர் சிவப்புப் பேனாவால் சரி போட்டுக்கொண்டே போனார். அம்னா என்ற பிள்ளையின் பேப்பரில் கை நின்றது. ஓட்டமாவடியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நிஸ்தாரின் மகள். கடைசி வாங்கில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்லுகிற பிள்ளை.

அவள் எழுதியிருந்தது இதுதான்: ‘இந்த மூலாதாரத்தை நம்ப முடியாது. 24ஆம் திகதி ஞாயிறு அல்ல, வெள்ளி. சூறாவளிக்கு மறுநாள் எங்கள் பள்ளிவாசலில் கூரை இருக்கவில்லை. நனைந்த பாயை விரித்துத்தான் ஜும்ஆ தொழுதார்கள் என்று என் வாப்பாவின் வாப்பா, மூத்தவாப்பா, சொல்வார். ஜும்ஆ வெள்ளிக்கிழமைதான் வரும். கிழமை தெரியாத அதிகாரி அன்றைக்கே எழுதினார் என்பது சந்தேகம். யாரோ பிறகு எழுதியிருக்கலாம்.’

வினாயகமூர்த்தி அதற்குப் பூச்சியம் போட்டார். பேப்பருக்கு வெளியே போயிருக்கிறாள்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த சனிக்கிழமை பேப்பர் கொடுக்கும்போது, இப்படி எழுதக்கூடாது என்பதற்கு உதாரணமாக அந்தப் பதிலை வகுப்புக்கு உரத்து வாசித்தார். பெயர் சொல்லவில்லை. ஆனால் ஜும்ஆ என்று வாசித்தபோது எல்லாரும் கடைசி வாங்கைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மூலாதாரத்த விட்டுப்போட்டு மூத்தவாப்பாட கதைய எழுதினா மாக்ஸ் வருமா புள்ளையள்? சோதினை மண்டபத்துக்கு மூத்தவாப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?”

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. அம்னா பேப்பரை இரண்டாக மடித்துக் கொப்பிக்குள் வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்கு எல்லாரோடும் எழும்பிப் போனாள். மற்றச் சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

புள்ளிகளைப் பதிவேட்டில் ஏற்றிய அன்று, அம்னாவின் பெயருக்கு நேரே பூச்சியத்தை எழுதப் போனபோது, வினாயகமூர்த்திக்கு மனம் ஒரு மாதிரி இருந்தது. நனைந்த பாய் என்ற சொல் போகமாட்டேன் என்று நின்றது. தொலைபேசியில் நாட்காட்டியைத் திறந்து பின்னோக்கித் தள்ளத் தொடங்கினார். ஒவ்வொரு மாதமாகத்தான் போனது. நாற்பத்தைந்து வருடம். பெருவிரல் நொந்தது. எழுபத்தெட்டு கார்த்திகையில் வந்து நின்றது. இருபத்து நாலு, வெள்ளி.

காது சூடாகிவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் அவர் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

அன்றைக்கே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மாறாக இன்னொன்று செய்தார். அதைத்தான் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது. பயிற்சிக் கேள்விகளைச் சேர்த்து ஸாஹிர் ஒரு கையேடு அச்சிடப் போகிறார் என்று வந்தபோது, வினாயகமூர்த்தி தன் கடிதத்தில் ஞாயிற்றுக்கிழமையை அழித்துவிட்டு வெள்ளிக்கிழமை என்று போட்டார். அந்தப் பிள்ளை பிடித்த பிழையை எடுத்து, தன் பொய்யை இன்னும் மெய்போல ஆக்கினார். பதிவேட்டில் பூச்சியம் பூச்சியமாகவே இருந்தது.

கையேடு கல்குடாவிலிருந்து ஏறாவூர் வரைக்கும் போனது. பலரும் அந்தக் கடிதத்தைத்தான் பேசினார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் வாசித்தார்களாம். வேறொரு ஆசிரியர் தன் தவணைப் பரீட்சையில் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். “எங்கயிருந்து சேர் இப்பிடிச் சாமான் எடுக்கிறீங்க?” என்று கேட்டவர்களுக்கு அவர் சிரித்துச் சமாளித்தார். ஒவ்வொரு சிரிப்புக்குப் பிறகும் வாய்க்குள் புளித்தது.

ஐப்பசி கடைசியில் ஆர்த்திகா என்ற இளம் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தாள். சூறாவளியின் நாற்பத்தைந்தாம் ஆண்டு நினைவுக்குத் தங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். அந்தக் காலத்துப் படங்களும் பொருட்களும் சேர்க்கிறார்கள்.

“சேர், உங்கட கடிதத்திர அசல் வேணும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, பத்திரமாத் திருப்பித் தருவம். அதுதான் கண்காட்சியில முதலாவதா இரிக்கப்போகுது.”

இல்லை என்று சொல்ல அது நல்ல நேரம். அசல் தொலைந்துபோனது என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது: “தேடித் தாறன் டீச்சர்.”

ஆர்த்திகாவின் குரலில் அவ்வளவு மரியாதை இருந்தது.

அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, சீதேவி தமக்கை வீட்டுக்குப் போயிருந்த நேரம், பள்ளிக்கூடப் பண்டகசாலையில் கிடந்த பழைய பதிவேடொன்றிலிருந்து எழுதாத நீளத் தாள் இரண்டைக் கொண்டுவந்தார். மைப் பேனாவால், தன் கையெழுத்தைச் சரித்து மாற்றி, கடிதத்தை எழுதினார். தட்டில் பால் கலக்காத பிளேன்டி ஊற்றி, தாளை நனைத்து எடுத்து, காற்றாடிக்குக் கீழே கட்டில் விளிம்பில் காயப் போட்டார். ஐம்பத்து மூன்று வயது மனிதன், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தேத்தண்ணிக் கறை படிந்த விரலோடு, தாள் காயும்வரைக்கும் முன்னால் குந்தியிருந்தார். மை கொஞ்சம் ஊறிப் பரவியது. அது இன்னும் நல்லது என்றுகூட நினைத்தார்.

சீதேவி நினைத்ததைவிட நேரத்தோடு வந்துவிட்டாள். தமக்கை வீட்டில் ஆளில்லை. முன்கதவு திறந்தது அவருக்குக் கேட்கவில்லை, காற்றாடிச் சத்தம். அறை வாசலில் அவள் நின்றபோதுதான் நிமிர்ந்தார்.

அவள் தாளைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். அவருடைய விரலைப் பார்த்தாள். பிறகு கட்டில் பக்கம் போய்க் குனிந்து முதல் வரியை வாசித்தாள். மதிப்பிற்குரிய ஐயா.

“அப்ப கடிதம் எண்டு ஒண்டு இல்லயா?”

அவர் தேத்தண்ணித் தட்டைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

“எழுதின ஆளும் இல்லயா?”

“சோதினைக்குத்தான் சீதேவி. புள்ளையளுக்குப் பழக்கத்துக்கு…”

“சீலையால கட்டின தாய்?”

அவர் இல்லையென்று தலையை அசைத்தார்.

அவள் கத்தவில்லை. தாளைக் கிழிக்கவும் இல்லை. கட்டில் மூலையில் மெதுவாக இருந்தாள். “ரெண்டு மாசமா அந்தப் பொம்பிளைய நினைச்சுக்கொண்டு இரிக்கன்” என்றாள். “அவக்குத் தோணினது எங்கட அம்மாவுக்கு ஏன் தோணல்ல எண்டு. செத்துப்போன மனிசிய நான் ரெண்டு மாசமாக் குறை சொன்னன்.”

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே ஐஸ்கிறீம் வண்டி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. வினாயகமூர்த்திக்கு எழும்பி நிற்கவேண்டும் போல் இருந்தது, ஆனால் எழும்பினால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“கிழமை பிழையெண்டு எழுதின சோனகப் புள்ள” என்றாள் அவள் கடைசியாக. அந்தப் பதிலை அவர் முதலில் வீட்டில் ஒரு பகிடியாகத்தான் சொல்லியிருந்தார். “அவள் மறுகா வகுப்புக்கு வந்தவளா?”

“இல்ல.”

“அவட வீடு தெரியுமா?”

“கடை தெரியும்.”

“உடுப்ப மாத்துங்க. நானும் வாறன்.”

முச்சக்கர வண்டியில் ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்தார்கள். நிஸ்தாரின் வீடு கடைக்குப் பின்னால். சேர் வந்திருக்கிறார் என்றதும் மனிசன் பதறிப்போய்க் கதிரைகளைத் துடைத்தார். “சொல்லி அனுப்பியிருந்தா நான் வந்திருப்பனே சேர், வாங்க, இருங்க” என்றார். அந்த மரியாதை வினாயகமூர்த்தியின் நெஞ்சில் கல்லைப்போல இறங்கியது. நிஸ்தாரின் மனைவி பஹீமா திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சீதேவியை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அம்னாவை வாப்பா கூப்பிட்டார். அவள் வந்து சுவரோடு நின்றாள்.

“புள்ள வகுப்புக்குப் போகமாட்டன் எண்டு நிண்டுட்டுது சேர்” என்றார் நிஸ்தார். “ஏனெண்டும் சொல்லல்ல. குழப்படி ஏதும் செஞ்சுதா?”

அப்போதுதான், அவள் வீட்டில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று வினாயகமூர்த்திக்குத் தெரிந்தது. வரும் வழியில் ஆயத்தம் செய்த வசனங்கள் எல்லாம் போய்விட்டன.

“பிழை நான் செஞ்சது” என்றார். “அந்தக் கடிதம் நான் எழுதினது. உண்மையில்ல. கிழமையையும் நான்தான் பிழையாப் போட்டன். மகள் எழுதினது சரி. நான் பூச்சியம் போட்டு, வகுப்பில வாசிச்சு, எல்லாரையும் சிரிக்க வச்சன்.”

நிஸ்தார் மகளைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். “என்ன எழுதின?” என்று கேட்டார்.

“மூத்தவாப்பா ஜும்ஆ தொழுதத்த” என்றாள் அம்னா.

நிஸ்தாரின் முகம் மாறியது. “அதுக்கா எல்லாரும் சிரிச்ச?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. விளங்காமல் கேட்டார். “சேர், அண்டைக்கு அந்தப் பாயில தொழுதுபோட்டுத்தான் எங்கட வாப்பா அவர்ர ரெண்டு சாச்சிமாரையும் அடக்கினவர்.”

வினாயகமூர்த்தி தன் கையிரண்டையும் பார்த்தார். விரலில் தேத்தண்ணிக் கறை அப்படியே இருந்தது. அவர் அதை மறைத்துக்கொண்டார்.

“கிழமை பிழையெண்டு எப்ப சேர் தெரியும்?” அம்னாதான் கேட்டாள்.

“மாக்ஸப் பதிஞ்ச அண்டைக்கே தெரியும்.”

“கையேட்டில வெள்ளிக்கிழமை எண்டு இரிக்கு. கூட்டாளிட கொப்பி பாத்தன்.”

“ஓம். நான் மாத்தினன்.”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். திரைக்குப் பின்னாலிருந்து சீதேவியின் குரல் வந்தது. அம்னா அந்தப் பக்கம் திரும்பி, மெதுவாக உள்ளே போய்விட்டாள்.

நிஸ்தாரும் அவரும் தேத்தண்ணிக் கோப்பைகளோடு முன்னறையில் இருந்தார்கள். திரை மெல்லிய துணி. சீதேவி சொல்லுவது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

“நேசராசா எண்டு பேர். ரெண்டரை வயசு. எனக்கு ஆறு. கூரை போனதும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினம். அம்மா அவன இடுப்பில வச்சிருந்தா. வழியில வேலிக் கம்பியில அம்மாட சீலை மாட்டிற்று. கழட்டுறதுக்கு, இவனப் புடி மகள் எண்டு என்ட கையில தந்தா. ஒரு நிமிசம்தான். தகரம் ஒண்டு பறந்து வந்து பக்கத்தில விழுந்திச்சு. நான் பயந்து ரெண்டு கையாலயும் காதப் பொத்தினன்.” பிறகு, “காதப் பொத்தினா கை எங்க இரிக்கும், சொல்லுங்க” என்ற குரல். பஹீமா ஏதோ முணுமுணுத்தாள். “அம்மா ஒரு நாளும் என்னைக் கேக்கல்ல” என்றாள் சீதேவி. “சாகும்வரைக்கும் கேக்கல்ல.”

இருபத்து நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர், மனைவியின் கதையை வேறொருவர் வீட்டுக் கதிரையில் இருந்து, திரைக்கு இந்தப் பக்கமாகக் கேட்டார். முன்னாலிருந்த நிஸ்தார் அது தன் காதில் விழாதது போல முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாகரிகத்தைத்தான் வினாயகமூர்த்தியால் தாங்க முடியவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. குடிக்காமல் வைத்தாலும் அவமரியாதை என்று ஒரே மிடறாகக் குடித்தார்.

மறுநாள் ஆர்த்திகாவுக்குத் தொலைபேசி எடுத்து உள்ளதைச் சொன்னார். “சரி சேர்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஸாஹிர் தலையில் கைவைத்தார். “சேர், ஆருக்குத் தெரியப்போகுது? அடுத்த பதிப்பில அந்தப் பக்கத்தத் தூக்குவம். வகுப்பில போய்ச் சொல்லி என்னையும் சேர்த்து நாறடிக்கப் போறீங்களா?”

“வகுப்பிலதானே சிரிச்சது” என்றார் வினாயகமூர்த்தி.

சனிக்கிழமை வகுப்பில் அவர் கையேட்டைத் திறக்கச் சொல்லி, அந்தப் பக்கத்துக்குக் குறுக்காகக் கோடு போடச் சொன்னார். இந்தக் கடிதத்தை எழுதியது நான்தான் என்றார். ஒரு பிள்ளை சரியாக எழுதியது, நான் பிழை போட்டு அவமானப்படுத்தினேன் என்றார். நடுவில் ஒருதரம் இருமினார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பனிச்சங்கேணி நிதுர்ஷன் கை உயர்த்தினான். கெட்டிக்காரன், குறும்புக்காரனல்ல. “சேர், மத்த மூலாதாரங்கள்?”

“எந்த மத்த?”

“கையேட்டில முப்பத்தொண்டு இரிக்கு. மத்தது எல்லாம் உண்மையா?”

வினாயகமூர்த்தி வாயைத் திறந்தார். இருபத்தெட்டு உண்மை. இரண்டு கடிதங்களில், கேள்விக்கு வசதியாக இருக்கட்டும் என்று இடையில் ஒவ்வொரு வசனம் சேர்த்திருந்தார். அவ்வளவு காலமும் அதை அவர் ஒரு பிழையாகவே நினைத்ததில்லை. அறுபத்தொரு பிள்ளைகள் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன.

“இல்ல” என்றார். “ஒன்பதாம் பக்கத்தையும் இருபத்திரண்டாம் பக்கத்தையும் எடுங்க.”

அடுத்த கிழமை நாற்பது பேர் வந்தார்கள். மார்கழியில் பத்தொன்பது. பதாகையை ஸாஹிர் கழற்றிவிட்டார், பேச்சில்லாமல். மிஞ்சிய பத்தொன்பது பேருக்கும் வினாயகமூர்த்தி ஐந்து வசனம் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு மூலாதாரத்தையும் எங்கே எடுத்தது என்று முதலில் புத்தகத்தையே காட்டினார். பாடம் மெதுவாகத்தான் போனது. சில பிள்ளைகளுக்கு அலுப்பாக இருந்தது தெரிந்தது. பழைய துள்ளல் அவருக்கு வரவில்லை. வெண்பலகைக்கு முன்னால் நிற்கும்போது, கடைசி வாங்கைப் பார்க்காமல் படிப்பிக்கப் பழகிக்கொண்டார்.

வேறொரு ஊர்க் கையேடொன்றில் அந்தக் கடிதம் இன்னும் அச்சாகிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, அதை எடுத்துவிடச் சொல்லி எழுதினார். பதில் வரவில்லை. இரண்டாந் தரமும் எழுதினார்.

சீதேவி முன்போலவே சமைத்தாள், பேசினாள், கோயிலுக்குக் கூப்பிட்டால் வந்தாள். ஆனால் அவர் எழுதிய பேப்பர் எதையும் அதற்குப் பிறகு அவள் தொட்டதில்லை. பின் அடிக்கக்கூட வருவதில்லை. ஒருநாள் துணிந்து, “நேசராசாட கதைய எனக்கும் சொல்லு” என்று கேட்டார். “கேட்டீங்கதானே அண்டைக்கு” என்றுவிட்டு அவள் கிணற்றடிக்குப் போனாள்.

அடுத்த வருடம் சாதாரண தரப் பெறுபேறு வந்த மறுநாள் நிஸ்தார் தொலைபேசி எடுத்தார். “சேர், புள்ளைக்கு வரலாறு ஏ.”

“நல்ல சந்தோசம்” என்றார் வினாயகமூர்த்தி. வேறென்ன சொல்வதென்று தெரியாமல், “என்ட வாழ்த்தச் சொல்லுங்க” என்றார்.

நிஸ்தார் கொஞ்சம் தயங்கினார். “புள்ள சொல்லச் சொல்லல்ல சேர். நானாத்தான் எடுத்தன்.”

“விளங்குது. அது போதும்.”

தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் போனார். சீதேவி மீன் அரிந்துகொண்டிருந்தாள். செய்தியைச் சொன்னார். அவள் நிமிரவில்லை.

“தெரியும்” என்றாள். “பஹீமா நேத்தே எடுத்துச் சொல்லிற்றா.”

அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவள் கழுவித் தந்த சட்டியை வாங்கி வெயிலில் கவிழ்த்து வைத்தார்.